கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தது

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூன்று பேர் நான் பெற்றவர்கள்: ஏழாம் வகுப்பு படிக்கும் மகனும், அவனுக்குப் பிறகு ஒரே பிரசவத்தில் வந்த இரண்டு பெண்களும். மற்ற இருவரும் என் நாத்தனாரின் பிள்ளைகள். நாத்தனார் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகளின் அப்பா எல்லைக் காவலில், வடகிழக்கில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போவார். அதனால் அக்காளும் தம்பியும் தென்காசிக்கு, தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. ஐந்து பேரில் வயதில் மூத்தது அவள், இளையது அவன். பெரியவள், சின்னவன் என்றே நாங்கள் கூப்பிடத் தொடங்கி அதுவே நிலைத்துவிட்டது.

அவர்கள் வந்த பிறகு எங்கள் சிறிய கார் போதவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் நான் காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போவேன். என் கணவர் ஒருவரை மட்டும் பைக்கில் வைத்துக்கொண்டு பின்னால் வருவார். பைக்கில் வருவது எப்போதும் பெரியவளாகத்தான் இருக்கும். யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளே போய்ப் பைக் பக்கத்தில் நின்றுகொள்வாள்.

கணவர் ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர். பனிமலைகளில் சாலை போட்டிருக்கிறார். இப்போது ராயகிரியில் குடும்ப நிலத்தைப் பார்க்கிறார். தினமும் காலையில் கிளம்பிப் போய்க் கரும்பையும் தென்னையையும் பார்த்துவிட்டு வருவார். மழை பெய்தால் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை சேறாகிவிடும், பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஃபோர் வீல் வண்டி வாங்க வேண்டும் என்பதற்கு அவர் முதலில் சொன்ன காரணம் அந்தப் பாதைதான். உண்மைக் காரணம் வேறு. பிள்ளைகளைக் காட்டுச் சாலைகளிலும் மலைச் சாலைகளிலும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், டெண்ட் அடித்துத் தங்க வேண்டும், பிறகு ஒரு கோடை விடுமுறையில் வடக்கே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"பஸ்ஸு போய் நிக்குத எடத்துக்கு அப்புறம்தான் பாக்க வேண்டியதே ஆரம்பிக்குது. அதை இதுக பாக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

"பாக்கட்டும். ஏழு பேரு உக்காரணும், ஏழு பேருக்கும் பெல்ட் இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"லோ கியர் இருக்கணும். அது இல்லாம மலையில எறங்கக் கூடாது."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இது சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

நான் கால்நடை மருத்துவர். ஆலங்குளம் பக்கத்தில் வேலை. வாகனங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். லாரியில் ஏற்றிக்கொண்டு வரும் மாடுகளைப் பார்க்கிறவள் என்பதால், ஒரு வண்டிக்குள் எது எங்கே எப்படி நிற்கிறது என்பது மட்டும் முதலில் கண்ணில் படும். இன்ஜின் பக்கம் போகவே மாட்டேன்.

முதல் வண்டியைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு ஏழு பேரும் பஸ்ஸில் போனோம். வண்டி வாங்க வந்த குடும்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவதை ஷோரூம் வாசலில் நின்ற விற்பனையாளர் கொஞ்சம் திகைப்போடு பார்த்தார். கணவர் நேராகப் போனது சிறிய, சதுரமான, இரண்டு கதவு வண்டியிடம். டயர்களைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். தரையிலிருந்து வண்டியின் வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை விரல்களை விரித்து அளந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, இது ஏறாத எடமே கெடையாது," என்றார் விற்பனையாளர்.

"எத்தனை பேரு உக்காரலாம்?" என்று கேட்டேன்.

"நாலு பேரு தாராளமா உக்காரலாம் மேடம். பிள்ளைகன்னா நெருக்கி அஞ்சு."

மகனும் இரட்டைப் பெண்களும் அதற்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஏறவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கணவர் அந்த வண்டியை எவ்வளவு விரும்புகிறார் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அத்தை, இதையே வாங்குங்க. ஊருக்குப் போகும்போது நானும் தம்பியும் வீட்ல இருந்துக்கிடுதோம். எனக்குச் சமைக்கத் தெரியும்லா."

வருத்தப்பட்டுச் சொன்னது மாதிரியே இல்லை. கணக்கில் ஒரு விடை சொல்வதுபோலச் சொன்னாள். "பேசாம இரு ட்டி," என்று சொல்லிவிட்டு நான் கணவரைக் கூப்பிட்டேன். அவரும் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. கதவை ஒருமுறை தடவி மூடிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தது செங்கோட்டையில். ஒரு ரப்பர் தோட்டத்துக்காரர் தன் பழைய ஜீப்பை விற்கப்போவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நீளமான ஜீப். பின்பக்கம் இரண்டு நீள பெஞ்சுகள் எதிரெதிராக இருந்தன, ஆளுக்கு ஆள் முகம் பார்த்து உட்காரலாம். தார்ப்பாய்க் கூரை. ஐந்து பிள்ளைகளும் ஒரே சத்தமாக ஏறினார்கள். பெரியவள்கூடச் சிரித்தாள். எல்லோரும் சமமாக உட்கார்ந்திருந்த ஒரே வண்டி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. முன்னே பின்னே என்ற பேச்சே இல்லை.

"பெல்ட் எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

தோட்டத்துக்காரர் மேலே கம்பியில் தொங்கிய தோல் வாரைக் காட்டினார். "பிடிச்சிக்கிட வேண்டியதுதான். இதுல எம்புட்டுப் பேரைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன் தெரியுமா? ஒருத்தரும் விழுந்ததில்ல."

கணவரிடம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு முன்னால் இருந்த களத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, நடந்து போகிற வேகத்தில் சட்டென்று பிரேக் போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் ஓட்டினார், பிரேக் போட்டார். பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் ஓட்டுநர் இருக்கைப் பக்கமாகச் சரிந்தார்கள். சின்னவன் இரட்டைப் பெண்களுக்கு அடியில் போய்விட்டான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. "இன்னொரு தடவ மாமா, இன்னொரு தடவ" என்று சின்னவன் அடியிலிருந்து கத்தினான். லாரி பிரேக் போடும்போது மாடுகள் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று சாயும். அடியில் சிக்கும் கன்றுக்குட்டியின் காலைத்தான் நான் பிறகு கட்டுப்போட வேண்டியிருக்கும். அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணவர் இறங்கி வந்து சாவியைத் தோட்டத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்றாவதாகத்தான் அந்தப் புது வண்டி வந்தது. பெரியது, வெள்ளை நிறம், மூன்று வரிசை, ஏழு இருக்கை, ஏழு பெல்ட். லோ கியரும் இருந்தது. விற்பனையாளர், பார்க்கப் பையன்போல இருந்த ஓர் இளைஞர், நன்றாகப் பேசுகிறவர். வண்டியை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். குற்றாலச் சீசன் ஆரம்பித்திருந்தது. தென்காசி முழுவதும் சாரல், குற்றாலம் போகிற ரோட்டில் வேன்கள் வரிசையாக நின்றன. அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல், செங்கோட்டை வழியாக மலைச் சாலையில் ஆரியங்காவு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். விற்பனையாளர் எங்கள் பைக்கில் பிரானூர் வரை வந்து ஒரு டீக்கடையில் காத்திருப்பதாகச் சொன்னார். அந்த அளவுக்கு அவர் எங்களை நம்பினார்.

கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில். நடுவரிசையில் என் மூன்று பிள்ளைகள். பெரியவளும் சின்னவனும் கேட்காமலே நடு இருக்கையை மடித்து, அதன் இடுக்கு வழியாக நுழைந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது கணவர் பேசிக்கொண்டே வந்தார். வண்டி சத்தமே போடவில்லை, ஏறுவதே தெரியவில்லை, இதுதான் நமக்கு என்றார். எனக்கும் பிடித்திருந்தது. நடுவில் திரும்பி, "பின்னாடி எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு அத்தை," என்றாள் பெரியவள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், பைக்கில் பின்னாலேயே வந்த விற்பனையாளரிடம் முன்பதிவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் உள்ளே போனேன். பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பெரியவள் குழாயடியில் உட்கார்ந்து தன் துப்பட்டாவைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சின்னவன் சோப்பு டப்பாவோடு நிற்கிறான்.

"என்னட்டி இப்பம் துணி தொவைக்க?"

அவள் இன்னும் வேகமாகக் கசக்கினாள். சின்னவன் சொன்னான்:

"அக்கா வாந்தி எடுத்தா. போகும்போதும் எடுத்தா, வரும்போதும் எடுத்தா. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னா."

அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துப்பட்டாவைப் பிழிந்து கொடியில் போட்டாள். நன்றாக விரித்து, சுருக்கம் இல்லாமல், நிதானமாகப் போட்டாள். புது வண்டியில் ஒரு சொட்டு படாமல் அவ்வளவையும் துப்பட்டாவிலேயே வாங்கி, சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டபோது நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"எதுக்கு சொல்லல?"

"மாமாவுக்கு அந்த வண்டி ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நான் சொன்னா அதையும் வேண்டாம்னு சொல்லிருவாங்க."

"சொல்லட்டுமே."

"மொத வண்டியும் எங்களாலதான் வாங்கல," என்றாள்.

நான் ஒரு டம்ளரில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்தாள். நோய் என்ன என்று வாய் திறந்து சொல்லாத உயிர்களைப் பார்ப்பதுதான் என் தொழில். இருந்தும் அவ்வளவு தூரம் முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

வாசலுக்குப் போய் விற்பனையாளரிடம், நாளைக்கு இதே வண்டியை இன்னொருமுறை கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சரி என்றார். மறுநாள் வந்தபோது நான் முன்கதவைத் திறக்காமல், நடு இருக்கையை மடித்துக் கடைசி வரிசைக்குள் நுழையப் பார்த்தேன். முதலில் தலையை நுழைப்பதா காலை நுழைப்பதா என்றே புரியவில்லை.

"மேடம், நீங்க முன்னாடி உக்காருங்க. அது பிள்ளைகளுக்கு உள்ள சீட்டு," என்றார் விற்பனையாளர்.

"அதுக்குத்தான் உக்காந்து பாக்கேன்."

கணவரும் விற்பனையாளரும் முன்னால். அதே சாலை. என் முழங்கால்கள் தாடைக்கு எதிரே இருந்தன. பக்கத்துக் கண்ணாடி ஒரு பெரிய புத்தகத்தின் அளவுதான், அதுவும் திறக்காது. எதிரே நடு இருக்கையின் முதுகு சுவர்போல நின்றது, சாலை தெரியவே இல்லை. வளைவு வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் உடம்புக்குத் தெரிந்தது. முன்னால் ஏ.சி. காற்று அடிக்கும் சத்தம் கேட்டது, என்னிடம் வரவில்லை. புது பிளாஸ்டிக்கின் வாசனை மட்டும் வந்தது. எஸ் வளைவில் பாதி ஏறுவதற்குள் "நிப்பாட்டுங்க" என்றேன். இறங்கி ஓரமாகப் போய் நின்று காலையில் சாப்பிட்டதை எல்லாம் எடுத்தேன். கணவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து முதுகைத் தடவினார். விற்பனையாளர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் செய்ததை அப்போதுதான் கணவரிடம் சொன்னேன். அவர் பாட்டில் மூடியைத் திருகியபடியே நின்றார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் சண்டை வந்தது. அவருடைய வாதம் நியாயமாகத்தான் இருந்தது. பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைக்கலாம். வாந்திக்கு மாத்திரை இருக்கிறது. ஏழு பேருக்குப் பெல்ட், லோ கியர் என்று நான் கேட்டதும் அவர் கேட்டதும் இருக்கிற ஒரே வண்டி இது.

"பின் சீட்டுக்காகவா வண்டி வாங்குதோம்? ஓட்டத்தைப் பாக்கணும், பிரேக்கப் பாக்கணும், சரிவுல நிக்குதான்னு பாக்கணும். நீ கடேசி சீட்டையே பிடிச்சிக்கிட்டு நிக்கே."

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகத்தான் வாங்குதோம். பாதிப் பிள்ளைகளுக்கு வெளிய என்ன இருக்குன்னே தெரியாதுன்னா எங்க போனா என்ன? குற்றாலத்துக்கு ஷேர் ஆட்டோல போனாப் போதும்."

"யாராச்சும் ஒருத்தர் அங்கன உக்காந்துதான் ஆகணும்."

"நான் உக்காருதேன். எனக்கு ஒத்துக்கிடுத சீட்டு உள்ள வண்டியாப் பாருங்க."

அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு மூன்று நாட்கள் வண்டிப் பேச்சே வீட்டில் இல்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அளக்கிற டேப்பை எடுத்து, என் முழங்காலிலிருந்து முதுகு வரை, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை அளந்தார். இரட்டைப் பெண்கள் சிரித்தார்கள். "அம்மாவுக்குச் சட்டை தைக்கப் போறாங்க," என்றாள் ஒருத்தி. அவர் சிரிக்கவில்லை. பாலத்துக்குத் தூண் எழுப்பப் போவதுபோல அளந்தார். அதன் பிறகு அவர் பார்த்துவிட்டு வந்த எந்த வண்டியைப் பற்றிச் சொன்னாலும், கடைசி வரிசையிலிருந்துதான் ஆரம்பித்தார். தலை இடிக்குது என்பார். காத்து வரல என்பார். ஒன்றைப் பற்றி, "கண்ணாடி பெருசா இருக்கு, ஆனா சீட்டு மடிச்சா வெளிய வர வழியில்ல, அவசரத்துக்கு எறங்க முடியாது," என்றார். எனக்கு அது தோன்றியே இருக்கவில்லை.

கடைசியில் வண்டி கிடைத்தது புனலூரில். ஓய்வுபெற்ற தோட்ட மேலாளர் ஒருவருடையது. பழைய டீசல் வண்டி, பச்சை நிறம், பெட்டி மாதிரி உயரமான உடம்பு. அழகு என்று சொல்ல முடியாது. மகன் பார்த்ததும் முகம் சுளித்தான். "இது ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்றான். ஆனால் ஏழு இருக்கை, ஏழு பெல்ட், மூன்று வரிசையும் முன்பார்த்து இருந்தன. கடைசி வரிசைக்கும் கூரையில் காற்று வரும் துளைகள், பக்கத்தில் நீளமான கண்ணாடி, பின்கதவு வழியாக இறங்க வழி. கியருக்குப் பக்கத்தில் லோ கியருக்கென்று இன்னொரு சிறிய கம்பி இருந்தது. அதைப் பார்த்ததும் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்ர குட்டிகளுண்டு? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"அஞ்சு."

"அஞ்சோ!" என்று சிரித்தார். "எனிக்கு மூணு. மூணும் இப்போ ஓரோ தேசத்தில், ஆளுக்கு ஒரு நாடு. வண்டி சும்மா நிக்குது. ஓட்டிப் பாக்கணும் இல்லையா, வாங்க."

அவர் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை ஓடைக்கு இறங்கியது. முந்தின நாள் மழையில் அது குழைந்து கிடந்தது. அதில் இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ச்சரிவில் ஏற வேண்டும் என்றார். நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போனேன். கால் நீட்ட முடியாது, ஆனால் மடக்கி வைக்க இடம் இருந்தது. மூன்றாவது வரிசை கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் முன்கண்ணாடி வழியாகப் பாதை தெரிந்தது. சின்னவனை என் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். என் மூன்று பேரும் நடுவில். பெரியவள் பழக்கத்தில் பின்பக்கம் வந்து நின்றாள்.

"நீ முன்னாடி போய் உக்காரு," என்றேன்.

"முன்னாடி நீங்கதான உக்காருவீங்க?"

"வாந்தி வாரவங்க முன்னாடி. அதான் சட்டம். போ ட்டி."

அவள் போய் உட்கார்ந்தாள். அந்த முன் இருக்கைப் பெல்ட்டைப் போடத் தெரியவில்லை, கணவர் போட்டுவிட்டார். மேலாளர் கீழே நின்று கையை ஆட்டினார். வண்டி இறங்கத் தொடங்கியது. கணவர் அந்தச் சிறிய கம்பியைத் தள்ளினார், பிரேக்கைத் தொடாமலே வண்டி நடக்கிற வேகத்தில் தானாக இறங்கியது. ஓடையைத் தாண்டும் வரை சரியாகப் போனது. எதிர்ச்சரிவில் ஏறும்போது பின்சக்கரம் ஒன்று குழிக்குள் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. இரட்டைப் பெண்கள் கத்தினார்கள். ஆனால் அவரவர் பெல்ட்டில் அவரவர் இருந்தார்கள், யாரும் யார்மேலும் விழவில்லை.

கணவர் பின்னுக்கு எடுத்து மறுபடி முயன்றார். சக்கரம் சுற்றியது.

"மாமா, எடது பக்கம் ஒரு கல்லு தெரியுது. பெருசு. அது மேல ஏத்துனா போயிருமா?" என்றாள் பெரியவள்.

அவர் பக்கத்தில் இருந்து அது தெரியாது. "எம்புட்டுத் தள்ளி இருக்குட்டி?"

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஆங், இப்பம் போங்க."

இடது முன்சக்கரம் கல்லைப் பிடித்தது. வண்டி ஒரு குலுக்கலோடு மேலே வந்துவிட்டது. அடுத்த வளைவில், "அங்கிட்டு எதாச்சும் தெரியுதாட்டி?" என்று கணவரே கேட்டார். அவள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல மாமா, போலாம்," என்றாள்.

நான் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டு, புனலூரிலிருந்து தென்மலை வரை வண்டியை ஓட்டித் திரும்பிவரச் சொன்னேன். சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதுகு வலித்தது, குழிகள் எல்லாம் நேராக எனக்கே வந்து சேர்ந்தன. ஆனால் வாந்தி வரவில்லை. சின்னவன் தூங்கிப்போய் என் கையில் எச்சில் வடித்திருந்தான். இதையே வாங்கலாம் என்றேன்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது நிறைய இருந்தது. ஏழு பேர் உட்கார்ந்தால் சாமான் வைக்க இடம் கிடையாது என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. கூரையில் கம்பிச் சட்டம் அடித்தோம். கனமானதை மேலே வைத்தால் வளைவில் சாயும் என்பதால், மேலே டெண்ட்டும் துணியும் மட்டும், அரிசியும் தண்ணீரும் காலடியில் என்று கணவர் வகுத்தார். ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை, அதற்குள் அடங்குவதுதான் துணி. இரட்டைப் பெண்கள் இதற்கு இரண்டு நாள் அழுதார்கள். எங்கள் தெருவில் வண்டியை நிறுத்துவதும் ஒரு பிரச்சினை. எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார்.

முதல் பெரிய பயணத்துக்கு அச்சன்கோவில் வழியைத் தேர்ந்தெடுத்தோம். பண்பொழி, மேக்கரை தாண்டி மலையேறி அச்சன்கோவில், அங்கிருந்து காட்டுக்குள்ளேயே அலிமுக்குக்குப் போகும் ரோடு. கிளம்பும் காலையில் வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மகனும் பெரியவளும் முன்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"எப்பவும் நீயே முன்னாடி உக்காருத. இன்னைக்கு நான் உக்காருவேன்," என்றான் அவன்.

"போ லே. உனக்கு வாந்தி வருமா? எனக்கு வரும். அத்தை சொன்னது சட்டம்."

"எனக்கும் வரும்!"

"எங்க, எடுத்துக் காட்டு பாப்போம்."

எங்கள் வீட்டுக்கு வந்து அவ்வளவு காலத்தில் அவள் யாரோடும் ஒரு பொருளுக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. டிவி ரிமோட்டுக்குக்கூட இல்லை. கணவர் என்னைப் பார்த்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஏறிக்கொண்டேன். போகும்போது அவள், வரும்போது அவன் என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

மேக்கரைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. அச்சன்கோவிலில் டீ குடித்தோம். அதற்கப்புறம் ரோடு வெறும் பள்ளமும் கல்லுமாக இருந்தது. இரண்டு பக்கமும் மூங்கில், புதிதாக விழுந்த யானைச் சாணம். ஜன்னல்களை ஏற்றிவிட்டு மெதுவாகப் போனோம். ஓரிடத்தில் பாதை ஒரு பக்கம் இடிந்து குறுகியிருந்தது. கணவர் சிறிய கம்பியைத் தள்ளிவிட்டு நடக்கிற வேகத்தில் அதைக் கடந்துகொண்டிருந்தார். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, நிப்பாட்டுங்க. எனக்கு வருது," என்றாள் பெரியவள் சத்தமாக.

"கொஞ்சம் பொறுட்டி, இந்த எடத்தைத் தாண்டிக்கிடுதேன்."

"பொறுக்க முடியாது மாமா!"

அவர் கடைசி அடியைக் கடந்து நிறுத்தினார். அவள் கதவைத் திறந்து, பெல்ட் போட்டபடியே வெளியே குனிந்து எடுத்தாள். துப்பட்டாவைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். நடுவரிசையிலிருந்து மகன் கையை நீட்டித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, அப்படியே சாய்ந்து வெளியே பார்த்தாள்.

"எல்லாரும் இங்கன வாங்க. கீழ ஆறு தெரியுது," என்றாள்.

யானை இருக்கும் இடத்தில் இறங்கக் கூடாது என்று கணவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நடுவரிசையில் மூன்று பேரும் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு நெருக்கினார்கள். கடைசி வரிசையில் இருந்தே எனக்கும் ஆறு தெரிந்தது. மூங்கிலுக்குக் கீழே, ரொம்ப ஆழத்தில், மழைத் தண்ணீரில் செம்மண் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் பார்க்க எழுந்தான், பெல்ட் இழுத்து உட்கார வைத்தது. கழற்றிவிட்டு அவனை மடியில் தூக்கிக் காட்டினேன். அவன் பார்த்து முடித்ததும் மறுபடி மாட்டிவிட்டேன். கணவர் வண்டியை எடுத்தார்.